குருத்தில் நின்ற தண்ணீர்

அத்தியாயம் 11

டீச்சர் வாயைத் திறக்காமல் இருந்து இன்றோடு பத்து நாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும்தான். மற்றபடி வகுப்பிலானாலும் வீட்டிலானாலும் பேச்சில் அவள் குறை வைத்ததே இல்லை.

மாமனாருக்குக் கண்ணில் அறுவை முடிந்திருந்தது. ஒரு மாதத்துக்குக் குனியக் கூடாது, தூசு படக் கூடாது, செடிகொடிப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். கோடை உச்சிக்கு ஏறுகிற நேரமாகப் பார்த்து அது நடந்தது. பின்னறை ஜன்னலோரம் அவருடைய ஒன்பது ஆர்க்கிட் செடிகள் இருந்தன. மண் இல்லாமல் மரப்பட்டைத் துண்டுகளில் வேர்விட்டு, அந்துப்பூச்சி இறக்கை விரித்தாற்போலப் பூக்கிற ஜாதி. குடிநீர் வாரியத்தில் முப்பது வருஷம் மீட்டர் பார்த்தவர் அவர். ஊருக்கே தண்ணீர் அளந்தவர், இந்தச் செடிகளுக்கு மட்டும் கரண்டியால் அளந்து ஊற்றுவார்.

இரண்டு மருமகள்களிடமும் வெள்ளிக்கு வெள்ளி மாறி வாரம் ஒருத்தி முறை என்று செடிகளை ஒப்படைத்தார். அவர் சொல்லச் சொல்ல, மூத்தவளான டீச்சர்தான் பெரிய எழுத்தில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். மேற்கு ஜன்னலை விட்டுச் செடிகளை உள்ளே தள்ளி வைக்கணும், பகல் வெயில் இலையைச் சுட்டுவிடும். ஜன்னலுக்கு மெல்லிசாகத் திரை போடணும். தட்டில் கூழாங்கல் பரப்பித் தண்ணீர் விட்டு அதன்மேல் தொட்டியை வைத்தால் செடிக்கு ஈரக்காற்று கிடைக்கும். வேர் வெள்ளி நிறத்துக்கு வந்த பிறகுதான் தண்ணீர், அதுவும் காலையில், ஓரமாக. இலைகள் கூடுகிற நடுக்குருத்தில் ஒரு சொட்டு நின்றாலும் பஞ்சால் ஒற்றி எடுத்துவிடணும். இந்தக் கடைசி வரிக்கு அடியில் இரண்டு கோடு போட்டவளும் டீச்சர்தான்.

அது சின்னவளின் வாரம். சனிக்கிழமை சாயங்காலம் விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து வெந்து நொந்து வீட்டுக்கு வந்த டீச்சர், பின்னறையை எட்டிப் பார்த்தாள். செடிகள் துவண்டாற்போல இருந்தன. பாவம், இந்த வெயிலில் இதுகளுக்கும் தாகம் எடுக்காதா என்று தோன்றியது. கைக்குக் கிடைத்த குவளையை எடுத்து, குழந்தைக்குத் தலைக்கு ஊற்றுவதுபோல ஒன்பதுக்கும் மேலாக ஊற்றினாள். மூலையில் இருந்த செடியின் குருத்தில் தண்ணீர் கண்ணாடிக் குண்டுபோலத் திரண்டு நின்றது. அதைப் பார்த்தாள். இரண்டு கோடு போட்ட வரி ஞாபகத்துக்கும் வந்தது. பஞ்சு அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. காற்றில் காய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.

அந்த மூலைக்குத்தான் மின்விசிறிக் காற்று எட்டாது.

புதன்கிழமை காலையில் சின்னவள் தொட்டியைத் தூக்கினாள். இரண்டு இலைகள் கையோடு வந்துவிட்டன, அடிப்பக்கம் கறுத்து, கொழகொழவென்று. அது மாமனார் 'சோம்பேறி' என்று கூப்பிடும் செடி. ஹோட்டல் ஒன்றின் வாசலில் கிடந்த குப்பையிலிருந்து எடுத்து வந்து நான்கு வருஷம் வளர்த்தும் பூக்காமல் தின்று தூங்கியது. இந்த வருஷம்தான் தண்டு விட்டு ஆறு மொட்டு வைத்திருந்தது.

"யாரு தண்ணி ஊத்தினது?" என்று கட்டிலில் இருந்தபடியே கேட்டார் மாமனார்.

"இந்த வாரம் அவ முறைதானே மாமா" என்றாள் டீச்சர்.

பொய்கூட இல்லை அது. முழு உண்மை. அதனால்தான் அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது.

சின்னவள் மறுக்கவில்லை. தான்தான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டோம் என்று உடனே நம்பிவிட்டாள். மாமனார் சொன்னார்: "ஒரு செடியப் பாத்துக்க முடியல. பத்துக் குழந்தைங்கள எப்படிம்மா பாத்துப்ப?"

நர்சரிப் பள்ளியில் ஆயாவாக ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு, முன்னறையில் குழந்தைகள் காப்பகம் தொடங்கத் தயாராக இருந்த பெண் அவள். பெயர்ப்பலகை மட்டும்தான் பாக்கி. கணவன் கப்பலில். திட்டம் போட்டது, மெத்தை தைத்தது, குழந்தைகளைத் தேடிப் பிடித்தது எல்லாம் ஒற்றை ஆளாகச் செய்தவள். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் நின்றுபோனது.

இன்று மாமனாருக்குக் கண் பரிசோதனை. காலையில் டீச்சர் கிளம்பி முன்னறைக்கு வந்தபோது, சின்னவள் தரையில் உட்கார்ந்து மேஜை மூலையிலிருந்து எதையோ கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் இடித்துக்கொள்ளக் கூடாது என்று அவளே ஒட்டிய பஞ்சுத் துண்டுகள் அவை.

"எதுக்கு இப்ப இத எடுக்கற?"

"இனிமே எதுக்கு அக்கா? பாக்கப் பாக்க ஒரு மாதிரியா இருக்கு." நிமிராமலே சொன்னாள். "சாயங்காலம் அந்த லேப்ல வேலை பாக்கறவங்க வராங்க. குழந்தைய எப்ப விடலாம்னு கேக்க. நீங்க கொஞ்சம் கூட இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"நீங்களே சொல்லிடறீங்களா? நான் ஆரம்பிக்கலைன்னு. எனக்குச் சொல்லும்போது அழுகை வந்துடும். உங்களுக்குத்தான் எதையும் பக்குவமாப் பேச வரும்."

டீச்சர் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

குளியலறை ஜன்னல் திட்டில் சோம்பேறியின் தொட்டி இருந்தது. இலையெல்லாம் போய், வெறும் கட்டையும் வேரும். அழுகின இடத்தில் சமையலுக்குப் போடும் லவங்கப்பட்டைத்தூள் அப்பியிருந்தது. நாற்றங்கால்காரர் யாரோ சொன்னாராம், பட்டைத்தூள் வைத்தால் அழுகல் பரவாது என்று. பத்து நாளாகத் தினமும் புதிதாகத் தூள் வைக்கிறாள் சின்னவள். முகம் கழுவப் போகும்போதெல்லாம் டீச்சர் அந்தப் பக்கம் திரும்பாமல் கழுவப் பழகியிருந்தாள்.

கண் ஆஸ்பத்திரியில் கூட்டம். மாமனார் கறுப்புக் கண்ணாடியோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர்போல. டீச்சர் பக்கத்து நாற்காலியில் மருந்துச்சீட்டை மடித்து மடித்துப் பிரித்தாள்.

இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இங்கே யாரும் தெரிந்தவர் இல்லை. அவரும் சத்தம் போட மாட்டார்.

"டீச்சரம்மா" என்று அவரே ஆரம்பித்தார். "இந்த ஒரு மாசமா நீ இல்லேன்னா எனக்கு ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும். வேளைக்கு மருந்து, வேளைக்குச் சாப்பாடு. ஒரு நாள் தவறல."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாமா."

"சின்னவள அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோன்னு தோணுது. ஆனா யோசிச்சுப் பாத்தா, குழந்தைங்க விஷயம். விளையாட்டு இல்ல. நீ என்ன நினைக்கற?"

அவள் என்ன நினைத்தாள் என்பது அவளுக்கு மட்டுமே தெரிந்த சங்கதி. மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம், டேப் வைத்து முன்னறையை அளந்து பார்த்திருந்தாள். எட்டு பெஞ்சு போட்டு டியூஷன் எடுக்கலாம். கரும்பலகைக்குக்கூடச் சுவர் பார்த்து வைத்தாயிற்று. அடுத்த வாரமே சின்னவள் சாப்பாட்டு மேஜையில் காப்பகம் என்று பேச்சை எடுத்தாள். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். டீச்சரும் சிரித்தாள். தன் யோசனையை எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை. மனசுக்குள் ஒரு மூலையில் அது காரமாகவே உட்கார்ந்திருந்தது.

புதன்கிழமை மாமனார் அந்தக் கேள்வியைக் கேட்ட அந்த நொடியில், முன்னறை மறுபடி காலியானதை அவள் உணர்ந்தாள். அரை நொடிதான் இருக்கும். ஆனாலும் அந்த அரை நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. தண்ணீர் ஊற்றினதைக்கூட அவள் தன்னை மன்னித்திருப்பாள். இதை மன்னிக்க முடியவில்லை.

"மாமா, அந்தச் செடி விஷயம்..." என்று தொடங்கினாள்.

நர்ஸ் கதவைத் திறந்து டோக்கன் எண்ணைக் கூப்பிட்டாள். மாமனார் எழுந்துவிட்டார். டீச்சருக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்கே வெட்கமாகவும் இருந்தது.

பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, இனி வழக்கம்போல இருக்கலாம் என்றார் டாக்டர். திரும்பி வரும் காரில் மாமனார் சின்னப் பிள்ளைபோல ஒவ்வொரு கடையின் பெயர்ப்பலகையையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டு வந்தார். பேச்சை மறுபடி எடுக்க இருபது நிமிஷம் இருந்தது. டீச்சர் எடுக்கவில்லை.

ஐந்து மணிக்கு லேப்காரப் பெண் வந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் சீருடையோடு வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள். சின்னவள் டம்ளரில் தண்ணீர் கொடுத்துவிட்டு, டீச்சரைப் பார்த்தாள். சொல்லுங்கள் என்கிற பார்வை.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரொம்ப தூரமா நீங்க வர்றது?" என்று சம்பந்தமில்லாமல் கேட்டாள்.

"ரெண்டு தெரு தள்ளித்தான் மேடம். வீட்டுக்குப் பக்கத்துல கிடைச்சதுதான் பெரிய நிம்மதி. காலைல ஏழுக்கே நான் லேப்ல இருக்கணும். என் பொண்ணு வேற இவங்ககிட்ட ஒட்டிக்கிட்டா. அன்னைக்கு வந்துட்டுப் போனதுலருந்து ஆன்ட்டி வீடு எப்பன்னு தினம் கேக்கறா."

அப்போது பின்னறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "சின்னவளே, இங்க கொஞ்சம் வாம்மா. பெரியவளையும் கூட்டிட்டு வா."

ஒரு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாகச் செடிகளுக்கு முன்னால் நின்றிருந்தார் அவர். ஒவ்வொரு இலையையும் வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார். திரை போட்டிருந்தது. கூழாங்கல் தட்டில் தண்ணீர் இருந்தது. வேர்கள் பச்சையும் வெள்ளியுமாக ஆரோக்கியமாகத் தெரிந்தன. இரண்டு செடிகளில் மட்டும் இலையின் அடியில் காப்பிக்கறைபோலப் புள்ளிகள் இருந்தன.

"இதுங்களுக்கும் தலைக்கு ஊத்தியிருக்கு" என்றார். கோபமில்லை குரலில். மீட்டர் பார்த்துவிட்டுச் சொல்கிற குரல். "காலைல ஊத்தியிருந்தா பகல்ல காஞ்சிருக்கும். இது சாயங்காலம் ஊத்தினது. விடிய விடிய நின்னிருக்கு. சாயங்காலம் ஊத்தினியாம்மா?"

"இல்ல மாமா. நான் காலைலதான். கரண்டியால ஓரமாத்தான் விடுவேன்." சின்னவள் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். யோசிக்க யோசிக்க முகம் தளர்ந்தது. "தெரியல மாமா. ஒரு நாள் மறந்துபோய் ஊத்தியிருப்பேனோ என்னவோ. நானாத்தான் இருக்கும். வேற யாரு?"

தான் செய்யாத ஒன்றைத் தன் ஞாபகத்திலேயே தேடிக்கொண்டிருந்தாள் அவள். கிடைக்காதபோதும் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள்.

டீச்சரால் அதற்குமேல் பார்க்க முடியவில்லை.

"நான் ஊத்தினேன்" என்றாள்.

இருவரும் திரும்பினார்கள். முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று இருந்தது டீச்சருக்கு. குரலைத் தாழ்த்தினால் மறுபடி ஒளிந்துகொள்வதாகிவிடும்.

"சனிக்கிழமை சாயங்காலம், முகாம்லருந்து வந்து. வாடின மாதிரி இருந்துச்சு. குவளையால எல்லாத்துக்கும் மேல ஊத்தினேன். சோம்பேறியோட குருத்துல தண்ணி நின்னதப் பாத்தேன் மாமா. பாத்துட்டும் துடைக்கல. அவளுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல."

மாமனார் கையிலிருந்த இலையை மெதுவாக விட்டார். "நான் அன்னைக்கே கேட்டேனே."

"கேட்டீங்க."

"இந்த வாரம் அவ முறைன்னு சொன்னியே."

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார். பிறகு சின்னவளைப் பார்த்து, "நான் சொன்ன வார்த்தை தப்பும்மா. யாரு ஊத்தியிருந்தாலும் அது தப்புதான்" என்றார். அதற்குப் பின் அங்கே நிற்க முடியாதவர்போலத் தன் அறைக்குப் போய்விட்டார்.

டீச்சர் திட்டுக்காகக் காத்திருந்தாள். நாலு வார்த்தை திட்டினால் தேவலை என்று இருந்தது. சின்னவள் திட்டவில்லை.

"புதன்கிழமை நான் மொட்டைமாடில போய் உக்காந்து அழுதேன்ல அக்கா" என்றாள் மெதுவாக. "நீங்க வந்தீங்க. டீ கொண்டுவந்து குடுத்தீங்க. பக்கத்துல உக்காந்து முதுகத் தடவிக் குடுத்தீங்க. போனாப் போகுது, ஒரு செடிதானேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பவும் தெரியும் உங்களுக்கு."

"தெரியும்."

சின்னவள் தலையை ஆட்டினாள், கணக்கு ஒரு வழியாகப் புரிந்த மாணவிபோல. டீச்சர் இருபது வருஷமாக வகுப்பில் எத்தனை பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்து, யார் செய்தது என்று கேட்டிருப்பாள். ஒத்துக்கொள்ளாமல் நிற்கிற முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். அந்த முகத்தைத்தான் பத்து நாளாக இவளுக்குக் காட்டி, அன்பாகச் சிரிக்கவும் செய்திருந்தாள்.

முன்னறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. லேப்காரப் பெண் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தயங்கி நின்றாள். "நான் அப்புறமா வரட்டுமா?"

"இருங்க" என்று சின்னவள் போனாள். டீச்சரும் பின்னாலேயே போய் வாசற்படியில் நின்றாள்.

"நாங்க பேசினது உங்க காதுல விழுந்திருக்கும்" என்றாள் சின்னவள் அந்தப் பெண்ணிடம். "எனக்கு இப்ப ஒரு பதில் சொல்லத் தெரியல. நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க."

"பரவாயில்லைங்க." அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தணித்தாள். "இங்க வசதிப்படலேன்னாலும் கவலைப்படாதீங்க. எங்க வீட்டுக்கு எதிர்ல மாடி காலியா இருக்கு. ரெண்டு ரூம், காத்தோட்டமா. வீட்டுக்காரம்மா நல்ல மாதிரி. வேணும்னா நம்பர் அனுப்பறேன்."

அவள் போன பிறகு சின்னவள் கதவைச் சாத்தினாள். பாதி சுரண்டின மேஜையின் பக்கம் போய், தொங்கிக்கொண்டிருந்த பஞ்சுத் துண்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒட்டவில்லை.

"ஒண்ணு கேட்டா உள்ளத மட்டும் சொல்லுவீங்களா அக்கா?"

"கேளு."

"துடைக்க மறந்தது வேற. அது யாருக்கும் நடக்கும். வாய மூடிட்டு இருந்ததுதான் எனக்குப் புரியல. நீங்க அப்படிப்பட்டவங்க இல்ல." நேராகப் பார்த்தாள். "நான் இங்க டே கேர் ஆரம்பிக்கறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிடலாம். டேப் வைத்து அளந்தது யாருக்கும் தெரியாது. பயந்துவிட்டேன், மாமா திட்டுவார் என்று வாய் வரவில்லை என்று சொன்னால் இவள் நம்புவாள். இப்போதும்கூட நம்புவாள். நாளைக்கே இரண்டு பேரும் சேர்ந்து பஞ்சை மறுபடி ஒட்டலாம்.

அந்த நம்பிக்கையைத்தான் டீச்சரால் தாங்க முடியவில்லை.

"பிடிக்கல" என்றாள். "இந்த ரூம்ல டியூஷன் எடுக்கணும்னு இருந்தேன். உனக்கு முன்னாலயே நினைச்சு வச்சிருந்தேன். சொல்லல. மாமா உன்ன அப்படிக் கேட்டப்ப, ரூம் எனக்கு வந்துடும்னு ஒரு நிமிஷம் தோணுச்சு."

சின்னவளின் கண் நிறைந்தது. ஆனால் வழியவில்லை.

"முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற எடம் பாத்திருப்பேனே அக்கா. மனசுல வச்சுக்கக்கூட மாட்டேன். உங்களுக்கு இல்லாததா?"

"மன்னிச்சுக்கோ" என்றாள் டீச்சர். பத்து நாள் தாமதித்த வார்த்தை. முன்னறையில் அதற்கு உட்கார இடமில்லாமல் நின்றது.

சின்னவள் தன் அறைக்குள் போனாள். கதவு சாத்தவில்லை, ஒருக்களித்துத்தான் இருந்தது. டீச்சர் மேஜையருகே குனிந்து, தரையில் கிடந்த பஞ்சுத் தூளைக் கையால் கூட்டத் தொடங்கினாள். செய்வதற்கு வேறு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

உள்ளே போன் பேசும் குரல் கேட்டது.

"ஆமாம்மா, நம்பர் அவங்கதான் குடுத்தாங்க. எதிர் வீட்டு லேப்காரம்மா. அந்த மாடி இன்னும் காலியாத்தானே இருக்கு?"

அந்தப் பக்கம் ஏதோ நீளமாகக் கேட்டார்கள். டீச்சரின் கை தரையில் அப்படியே நின்றது.

"இப்போதைக்குக் குழந்தைங்களுக்குத்தான் கேக்கறேன்" என்றாள் சின்னவள். கொஞ்சம் பொறுத்து, "குடிவர்றதப் பத்தி அவர் கப்பல்லருந்து வந்தப்புறம் பேசிட்டுச் சொல்றேனே. சமையலறை தனியாத்தானே இருக்கு?" என்று கேட்டாள்.